சின்ன அவுட்போர்டு இன்ஜினுக்கு ஐடிலிங் வைப்பது எப்படி

படகின் பின்பக்கம் மாட்டிய அவுட்போர்டு, நியூட்ரலில் அழகாக ஓடும் இன்ஜின், கியரைத் தட்டியதும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. உடனே மூடியைத் திறந்து ஐடிலிங் ஸ்க்ரூவை, அதாவது த்ராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) மூடியபின் இன்ஜின் ஓடும் குறைந்த வேகத்தை வைக்கும் திருகை, அரைச் சுற்று உள்ளே முறுக்கிவிடுவோம். இன்ஜின் அணையாமல் நிற்கும், வேலை முடிந்தது என்று கடலுக்குப் போய்விடுவோம். கொஞ்ச நாளில் கியர் போடும்போதெல்லாம் 'டங்' என்று ஓர் அடி விழும், படகே ஒரு குலுங்கு குலுங்கும், அதுவும் பழகிவிடும். கீழே கியர் பெட்டிக்குள் கியரைக் கோத்துப் பிடிக்கும் கிளட்ச் டாகின் பற்கள் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் முன் கியர் பிடிக்காமல் நழுவ ஆரம்பிக்கும்போதுதான் செலவு எவ்வளவு என்று தெரியும்.

ஐடிலிங் ஸ்க்ரூ வேறு எங்கோ இருக்கும் கோளாறை மறைக்கத்தான் அதிகம் பயன்படுகிறது. அதனால் ஸ்க்ரூவை எப்படித் திருப்புவது என்பதோடு, எப்போது அதைத் தொடவே கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் பேசுவது நம் கரையில் ஃபைபர் படகுகளில் மாட்டியிருக்கும் 8, 9.9, 15 குதிரைத்திறன் அவுட்போர்டுகளைப் பற்றி, அதிலும் ஒரே ஒரு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள 2 ஸ்ட்ரோக் இன்ஜின்களைப் பற்றி. யமஹா, சுசுகி, டொஹாட்சு எதுவானாலும் ஸ்க்ரூ இருக்கும் இடம்தான் மாறும், முறை ஒன்றுதான். 4 ஸ்ட்ரோக் பற்றி கடைசியில் கொஞ்சம்.

நம் படகுகளுக்கு ஐடிலிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வலை விடும்போதும் வாங்கும்போதும் இன்ஜின் மணிக்கணக்கில் மெதுவாகத்தான் ஓடுகிறது. அதைவிடப் பெரிய காரணம் கரை அலை. சென்னையிலிருந்து நாகை வரைக்கும் பல ஊர்களில் துறைமுகம் கிடையாது, அலையைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். அலைக்குக் காத்திருக்கும்போது இன்ஜின் ஐடிலிங்கில்தான் இருக்கும். சரியான நேரம் பார்த்து கியர் போடும் அந்த ஒரு நொடியில் அது அணைந்தால், அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். பாக் நீரிணைப் பக்கம் கடல் அமைதியாக இருப்பதால் அங்கே அணைந்தாலும் இன்னொரு முறை கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். திறந்த கரையில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

ஸ்க்ரூவைத் தொடும் முன்

முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க் பிளக், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று உலர்ந்தும் மற்றது எண்ணெய் வழிந்து ஈரமாகவும் இருந்தால் இன்ஜின் ஒரு சிலிண்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு எந்த ஸ்க்ரூவும் மருந்து இல்லை. பிளக்கை மாற்றுங்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் கேப், காயில், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். யமஹா 15-இல் பெரும்பாலும் என்ஜிகே பி7எச்எஸ்-10 போடுவார்கள். கடைசியில் வரும் 10 என்பது 1 மில்லிமீட்டர் இடைவெளியைக் குறிக்கிறது. 10 இல்லாத பிளக்கும் அதே ஓட்டையில் கச்சிதமாக உட்காரும், ஆனால் இடைவெளி குறைவு, ஐடிலிங்கில் மிஸ்ஸிங் வர இதுவும் ஒரு காரணம். கடையில் கொடுத்ததை அப்படியே மாட்டாமல் ஃபீலர் கேஜ் வைத்து ஒரு முறை பாருங்கள்.

அப்புறம் பெட்ரோல் வரும் வழி. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திணறி அணையும், அதைப் பார்த்து ஐடிலிங் கோளாறு என்று நினைப்பவர்கள் நிறைய. பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அழுத்திக் கெட்டியாக்கிவிட்டு கார்புரேட்டர் வாயைப் பாருங்கள், பெட்ரோல் ஒழுகினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்துத் திறக்கும் ஊசியான ஃப்ளோட் நீடில் சரியாக மூடவில்லை. வேகமாக ஓடும்போது இது தெரியாது, ஐடிலிங்கில் மட்டும் இன்ஜின் புகைந்து மூச்சு முட்டும். நீடிலை மாற்றாமல், கீழே சொல்லப்போகும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பினால் இன்று சரியாக இருப்பது நாளை இருக்காது.

சோக் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா, கைப்பிடியில் த்ராட்டிலை இறுக்கி நிறுத்தும் திருகு தளர்ந்திருக்கிறதா, த்ராட்டில் கேபிள் உப்பேறி இறுகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பிடியை முழுதாக மூடியபின் கார்புரேட்டரில் உள்ள லீவர் ஸ்க்ரூ நுனியில் போய் உட்கார வேண்டும். அது உட்காராமல் கேபிளிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. சில மாடல்களில் த்ராட்டிலோடு சேர்ந்து மேக்னெட் பிளேட்டும் திரும்பி டைமிங்கை மாற்றும், அந்த இணைப்புக் கம்பி கழன்றோ வளைந்தோ இருந்தாலும் ஐடிலிங் சரியாக நிற்காது.

ஃபேனையும் (தண்ணீருக்குள் சுற்றும் ப்ரொப்பெல்லர்) ஒரு பார்வை பாருங்கள். பின்னால் வலை நரம்பு சுற்றியிருக்கிறதா? நியூட்ரலில் ஒன்றும் தெரியாது, கியரில்தான் அது இன்ஜினை இழுத்துப் பிடிக்கும். ஃபேனைக் கழற்றி ஷாஃப்டில் சுற்றிய நரம்பை வெட்டி எடுங்கள், விட்டுவைத்தால் அது சீலையும் அறுத்துவிடும்.

கார்புரேட்டர் ரொம்ப நாளாகச் சுத்தம் செய்யாமல் இருந்தால், வேலையை அங்கிருந்தே தொடங்குவது நல்லது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் ஓட்டை ஊசி முனை அளவுதான். பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிந்தால் முதலில் அடைபடுவது அதுதான். முழு வேகத்தில் பிரமாதமாக ஓடி, மெதுவாக்கினால் மட்டும் அணையும் இன்ஜினில் பத்துக்கு எட்டுத் தடவை இதுதான் கதை. அதைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் அந்த ஜெட் அவ்வளவுதான். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒரு புள்ளி தெரிய வேண்டும்.

எந்த ஸ்க்ரூ எது

இரண்டு ஸ்க்ரூ இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். ஒன்று ஸ்பீடு ஸ்க்ரூ. இது த்ராட்டில் லீவரைத் தாங்கி நிற்கும், பெரும்பாலும் ஸ்பிரிங் போட்டிருக்கும், உள்ளே முறுக்கினால் வேகம் கூடும். முக்கியமாக வேகத்தைத்தான் அது மாற்றும்.

இன்னொன்று மிக்சர் ஸ்க்ரூ, நம் மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் ஏர் ஸ்க்ரூ என்றுதான் சொல்வார்கள். இது கார்புரேட்டர் உடம்புக்குள்ளேயே இறங்கியிருக்கும், ஐடிலிங்கில் எவ்வளவு பெட்ரோலோடு எவ்வளவு காற்று சேர வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். எந்தப் பக்கம் திருப்பினால் ரிச் (பெட்ரோல் அதிகம்), எந்தப் பக்கம் லீன் (காற்று அதிகம்) என்பது எல்லா கார்புரேட்டரிலும் ஒன்றாக இருக்காது. ஸ்க்ரூ த்ராட்டில் தகட்டுக்கு முன்னால், அதாவது காற்று நுழையும் வாய்ப் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, உள்ளே முறுக்கினால் காற்று குறைந்து ரிச் ஆகும். தகட்டுக்குப் பின்னால் இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கலந்த கலவையை அளக்கிறது, உள்ளே முறுக்கினால் லீன் ஆகும். இது தெரியாமல் பக்கத்துப் படகுக்காரர் சொன்னார் என்று திருப்பினால் நேர் எதிராகப் போய்விடும்.

திருப்பும் முன் இப்போது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முறுக்கி, அடியில் தட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். தட்டியதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கவே கூடாது. அதன் நுனி ஊசி மாதிரி கூராக இருக்கும், இறுக்கினால் நுனியில் வளையமாகத் தடம் விழும், அதற்கப்புறம் அந்த ஸ்க்ரூவை வைத்து நுணுக்கமாக எதையும் சரிசெய்ய முடியாது. எண்ணிய கணக்கை மூடியின் உள்பக்கம் பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிவையுங்கள். எல்லாம் குழம்பிப்போனால் திரும்பி வர அதுதான் வழி. உங்கள் மாடலுக்கு எத்தனை சுற்று என்பது மேனுவலில் இருக்கும். மேனுவல் இல்லை என்றால் அடியிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கலாம், பெரும்பாலான சின்ன இன்ஜின்கள் அதில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

எங்கே வைத்துச் செய்வது

டிரம்மில் தண்ணீர் ஊற்றி இன்ஜினை இறக்கி அங்கேயே ஐடிலிங் வைத்துவிடுவது வழக்கம். தொடக்க வேலைக்கு அது போதும், முடிவான செட்டிங்குக்கு உதவாது. டிரம்மில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்கப் புகையும் நுரையுமாகிவிடும், இன்ஜின் தன் புகையையே திரும்பக் குடிக்கும். ஹோஸ் மாட்டி வெளியே ஓட்டினால் அதற்கு நேர்மாறு, புகைக்குத் தண்ணீரின் எதிர்ப்பே இல்லாததால் ஐடிலிங் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் குறைத்துவிட்டுக் கடலில் இறக்கினால் நிற்காது. கடலில், படகில், வழக்கமாக ஏறும் ஆட்களோடு செய்ய வேண்டும்.

ஆட்களோடு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜின் காலின் பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஐடிலிங்கில் புகையின் பெரும்பகுதி ஃபேன் வழியாகப் போகாமல் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியேறும். பின்பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து வலையும் மீன் பெட்டியும் ஏறினால் படகு பின்னால் தாழும், ஓட்டை தண்ணீருக்குப் பக்கத்தில் போய்விடும், புகை வெளியேறத் தள்ள வேண்டியிருக்கும், ஐடிலிங் இறங்கும். வெறும் படகில் கச்சிதமாக வைத்த ஐடிலிங், மீனோடு திரும்பி வரும்போது அணைவது இதனால்தான்.

எங்கே ஓட்டினாலும் தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம்கூட ஓட்டாதீர்கள், தண்ணீர் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் ரப்பர் எரிந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் தண்ணீர் பீச்சும் ஓட்டையைப் பாருங்கள். அது வரவில்லை என்றால் ஐடிலிங்கை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

மூடி திறந்திருக்கும்போது மேலே ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு குனியாதீர்கள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். இழுத்தால் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கைப்பிடி பிடிப்பவர் கையில் மாட்டிக்கொள்ளட்டும். கரையோரம் கியர் போட்டுப் பார்க்கும்போது சுற்றி யாரும் குளிக்கவோ நீந்தவோ கூடாது, முக்கியமாகப் பசங்க.

மிக்சரை வைப்பது

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். பத்து நிமிடமாவது கடலில் அரை வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆறிய இன்ஜினில் வைத்த ஐடிலிங் சூடானதும் வேறு மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே வைத்து, அணையாத அளவுக்கு வேகம் கொடுத்து நியூட்ரலில் ஓட விடுங்கள். மிக்சர் ஸ்க்ரூவை லீன் பக்கம் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்புங்கள். திருப்பிவிட்டுக் காத்திருங்கள், பத்துப் பதினைந்து நொடி. 2 ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் கேஸுக்குள் சுற்றிவிட்டுத்தான் சிலிண்டருக்குப் போகிறது, நீங்கள் செய்த மாற்றம் சத்தத்தில் தெரிய அவ்வளவு நேரம் ஆகும். பொறுமையில்லாமல் அடுத்தடுத்துத் திருப்பினால் எந்தத் திருப்பத்துக்கு எது நடந்தது என்றே தெரியாது.

லீன் பக்கம் போகப் போக முதலில் வேகம் கொஞ்சம் கூடும், சத்தம் சன்னமாகும். அப்புறம் திடீரென்று கார்புரேட்டர் வாயிலிருந்து 'டப்' என்று ஒரு தும்மல் வரும், அல்லது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணையும். அதுதான் லீன் எல்லை. ஸ்க்ரூவின் வெட்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எதிர்ப்பக்கம், அதே எட்டில் ஒரு பங்காக, அதே காத்திருப்போடு திருப்பி வாருங்கள். ஓர் இடத்தில் மிருதுவாகும், அதையும் தாண்டினால் 'கொட கொட' என்று நொண்டும், புகை கூடும், வேகம் இறங்கும். அது ரிச் எல்லை.

இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து, அங்கிருந்து இன்னும் ஓர் எட்டில் ஒரு பங்கு ரிச் பக்கம் தள்ளி நிறுத்துங்கள். 2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. லீன் என்றால் பெட்ரோல் மட்டுமா குறைகிறது, பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறைகிறது. வேகம் கூடி இனிமையாகக் கேட்கும் அந்த லீன் சத்தத்தில் மயங்கி அங்கேயே நிறுத்தி, மணிக்கணக்கில் வலை பக்கத்தில் ஓட்டினால் பிஸ்டனுக்குத்தான் கேடு. கொஞ்சம் புகைந்தாலும் பரவாயில்லை, ரிச் பக்கமே இருக்கட்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஐடிலிங்கிலிருந்து த்ராட்டிலைச் சட்டென்று திறங்கள். தும்மிக்கொண்டோ ஒரு நொடி இறந்துபோய் எழுந்தோ வேகமெடுத்தால் இன்னும் லீன், மறுபடி எட்டில் ஒரு பங்கு ரிச் செய்யுங்கள். குளறிக்கொண்டு புகையோடு எழுந்தால் ரிச் அதிகம். தயங்காமல் ஒரே மூச்சில் எழ வேண்டும்.

பம்ப் பெட்ரோல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோல் 1 கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு சுமார் 13.5 போதும். ஆக, பழைய பெட்ரோலுக்கு வைத்த அதே ஸ்க்ரூ, அதே ஜெட்டில் இன்ஜின் இப்போது லீனாக ஓடுகிறது. பல வருடமாகத் தொடாத செட்டிங்கில் ஓடிய இன்ஜின் சமீபத்தில் தும்ம ஆரம்பித்திருந்தால் இது காரணமாக இருக்கலாம். ஐடிலிங்கில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ரிச் செய்து ஈடுகட்டிவிடலாம், முழு வேகத்துக்கு மெயின் ஜெட்தான், அதை விவரமான மெக்கானிக்கிடம் விடுங்கள். அவுட்போர்டு கம்பெனிகள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்கின்றன என்பதையும் மனதில் வையுங்கள். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். கடல் காற்றில் பாதி டேங்க் பெட்ரோல் பல நாள் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும், டேங்க் குழாயோ அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. பெட்ரோலில் கலந்த 2 ஸ்ட்ரோக் ஆயில் மேலே பெட்ரோலோடு மிதக்க, இன்ஜினுக்கு ஆயிலே இல்லாத தண்ணீர்க் கலவை போகும். மீன்பிடித் தடைக்கால ஓய்வு போல நீண்ட நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் அந்தப் பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். பெட்ரோலுக்கு ஆயில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, ஆயில் அவுட்போர்டுக்கான டிசி-டபிள்யூ3 வகையாக இருக்கட்டும், பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் வேண்டாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றால், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அதில் ஓடும்போதுதான் மிக்சரை வைக்க வேண்டும். ஆயில் கணக்கும் வேறு, மேனுவலைப் பாருங்கள். நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்கி மறுநாள் ஸ்டார்ட் ஆகாது.

கியரில் வேகம் வைப்பது

மிக்சர் முடிந்தபின்தான் ஸ்பீடு ஸ்க்ரூ. திறந்த தண்ணீருக்குப் போய் ஒருவர் கைப்பிடி பிடிக்கட்டும், இன்னொருவர் ஸ்க்ரூ டிரைவரோடு இன்ஜின் பக்கம். ஜெட்டி இருந்தால் படகின் பின்பக்கத்தை இரண்டு கயிற்றில் கட்டிவிட்டும் செய்யலாம்.

முன் கியர் போடுங்கள், த்ராட்டிலை முழுதாக மூடுங்கள். இப்போது ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, இன்ஜின் நடுக்கமில்லாமல் சீராக ஓடும் கடைசி இடத்தைத் தேடுங்கள். இன்ஜின் உடம்பில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு ஒரே தாளத்தில் வர வேண்டும், இடையில் ஒன்று தவறி அப்புறம் ஓர் உதறல் வந்தால் இன்னும் கால் சுற்று உள்ளே. அந்த இடம் கிடைத்ததும் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். சுமை போனதால் 100, 200 ஆர்பிஎம் ஏறும், அது இயல்பு. அதைவிட எக்கச்சக்கமாக ஏறினால் மிக்சர் இன்னும் லீன், அல்லது கீழே ஏதோ இழுக்கிறது.

எத்தனை ஆர்பிஎம்? மாடலைப் பொறுத்து நியூட்ரலில் 700-க்கும் 1,200-க்கும் இடையில் ஏதோ ஓர் எண் மேனுவலில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பிளக் ஒயரில் சுற்றி ஆர்பிஎம் காட்டும் சின்ன டாக்கோ மீட்டர் வாங்கினால் காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்பார்க் என்று அதில் சரியாக செட் செய்யுங்கள். 2 ஸ்ட்ரோக்கில் சில இக்னிஷன்கள் சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க் கொடுக்கும், ஒன்று என்று வைத்தால் மீட்டர் இரட்டிப்பாகக் காட்டும், நீங்களும் பயந்துபோய்க் குறைத்துவிடுவீர்கள்.

அடுத்து சோதனை, இதைத் தவிர்க்காதீர்கள். நியூட்ரல், முன், நியூட்ரல், பின் என்று பல முறை மாற்றுங்கள். கியரை மெதுவாகத் தடவி உள்ளே விடக் கூடாது, ஒரே தட்டில் போட வேண்டும், மெதுவாகப் போட்டால்தான் பற்கள் உரசித் தேயும். பிறகு அரை வேகத்தில் ஓட்டிச் சட்டென்று த்ராட்டிலை மூடி நியூட்ரல் போட்டு, உடனே மறுபடி கியர். அலை வாயில் நீங்கள் செய்யப்போவது இதைத்தான், இங்கே அணையாமல் நிற்க வேண்டும். ஐடிலிங்கில் விட்டபடியே கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் வேகம் கூடினால் த்ராட்டில் கேபிள் அந்தப் பக்கம் இறுகுகிறது, ஸ்க்ரூவில் தப்பில்லை, கேபிளை வேறு வழியாக விட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிக்சரை ஒரு முறை மறுபடி தொட்டுப் பாருங்கள். வேகத்தை இறக்கியதும் மிக்சர் லேசாக மாறியிருக்கும்.

சரியாகவே வரவில்லை என்றால்

மிக்சர் ஸ்க்ரூவைச் சுற்றுக்கணக்கில் திருப்பியும் இன்ஜினில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் பைலட் வழி அடைத்திருக்கிறது, கார்புரேட்டரைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

ஸ்பீடு ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்தும் வேகம் இறங்காமல் அலறினால் எங்கோ கசிவு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. கார்புரேட்டர் கேஸ்கெட், ரீட் வால்வு கேஸ்கெட், கிராங்க் சீல், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். ஓடும் இன்ஜினில் பெட்ரோல் தெளித்துச் சோதிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அதைச் செய்யவே செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு கேஸ்கெட் ஓரம் முழுக்கக் கெட்டியாக கிரீஸ் அப்புங்கள், மறுபடி ஓட்டுங்கள். வேகம் இறங்கினால் ஓட்டை அங்கேதான். கிரீஸோடு கடலுக்குப் போகாமல் கேஸ்கெட்டை மாற்றுங்கள், திருட்டுக் காற்றில் ஓடும் இன்ஜின் லீனாக ஓடும் இன்ஜின்.

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்ற சந்தேகத்தில் ஓடும்போது பிளக் கேப்பைக் கையால் பிடுங்காதீர்கள். ஷாக் ஒருபக்கம், ஸ்பார்க் போக இடமில்லாமல், ஸ்பார்க்கை உண்டாக்கும் சிடிஐ யூனிட் பழுதாவது இன்னொரு பக்கம். நிறுத்திவிட்டு, அந்தக் கேப்பில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி இன்ஜின் இரும்போடு நன்றாகச் சேர்த்துக் கட்டி, அப்புறம் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு சிலிண்டரை இப்படி நிறுத்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் அது ஏற்கெனவே செத்த சிலிண்டர்.

4 ஸ்ட்ரோக் கார்புரேட்டர் இன்ஜின்களில் மிக்சர் ஸ்க்ரூவைப் பல கம்பெனிகள் அடைத்தே அனுப்புகின்றன, அதைத் தோண்டாதீர்கள். ஸ்பீடு ஸ்க்ரூ மட்டும் உங்களுக்கு, மேலே சொன்ன கியர் சோதனை அப்படியே பொருந்தும். இன்ஜெக்‌ஷன் இன்ஜின் என்றால் ஐடிலிங்கை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது, அது தவறினால் சென்சாரோ ஐடில் வால்வோதான், திருப்ப வேண்டிய ஸ்க்ரூ எதுவும் கிடையாது.

எல்லாம் முடிந்ததும் மூடியின் உள்பக்கம் எழுதிய பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிய சுற்றுக்கணக்கையும் தேதியையும் எழுதுங்கள். ஃபேனை வேறு அளவில் மாற்றினாலோ, பெட்ரோல் மாறினாலோ, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினாலோ கியர் சோதனையை மட்டுமாவது மறுபடி செய்யுங்கள், அலையைத் தாண்டுவதற்கு முன்பே.